நாளைக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள்: வீட்டுப் பாடம் போதுமா?

நொய்யல்கரை:
போன வாரம் இங்கே ஒருவர், "பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்கிறேன் என்பவர்கள் நாள் முழுக்க என்னதான் செய்கிறீர்கள்" என்று கேட்டிருந்தார். குத்தலாகத்தான் கேட்டார், ஆனாலும் நியாயமான கேள்வி. எங்கள் வீட்டு வாரத்தை அப்படியே சொல்கிறேன். கோவை, சிங்காநல்லூர் பக்கம். பெரியவளுக்கு 7 வயது, சின்னவனுக்கு 5.

காலை எட்டரைக்கு உட்காருவோம், பத்து மணிக்கு மேல் போகாது. திங்களும் செவ்வாயும் தமிழ். அ, ஆ என்று வரிசையாகத் தொடங்கவில்லை. ட, ப, ம, ய என்று பெரும்பாலும் நேர்கோடு இழுத்தாலே வந்துவிடும் எழுத்துகளில் தொடங்கினேன். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். மரியா மாண்டிசோரி வழி. அந்த அம்மா 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்திருக்கிறார், அதனால் இதை யாரும் வெளிநாட்டு ஃபேஷன் என்று சொல்லிவிட வேண்டாம்.

புதன் கணக்கு. எங்கள் வீட்டில் கணக்குப் புத்தகம் என்றால் பல்லாங்குழிதான். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆடும்போது ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். சின்னவன் இப்போதெல்லாம் எண்ணுவதே இல்லை, பார்த்த மாத்திரத்தில் "பசு!" என்று கத்திக்கொண்டு கையை விடுகிறான். பாடம் முடிந்ததும் இட்லிக்கு ஊறப்போடுவோம், அதுவும் கணக்குதான். 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து. போன வாரம் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று 6 டம்ளர் அரிசி போட்டேன், உளுந்து எவ்வளவு என்று கேட்டேன். பெரியவள் டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு "ஒன்றரை" என்றாள். யாரும் சொல்லித்தரவில்லை.

வியாழன் குளக்கரை. நெற்றியில் வெள்ளை இருந்தால் நாமக்கோழி, சிவப்பு இருந்தால் தாழைக்கோழி. முக்குளிப்பான் முங்கினால் எங்கே எழும் என்று பந்தயம் கட்டுவோம், நான்தான் தோற்பேன். வெள்ளி கதை. ஞாயிறு அவர்கள் அப்பா (பம்ப் கம்பெனியில் வேலை) பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார், வீடெல்லாம் கிரீஸ்.

அவ்வளவுதான். இப்போது திட்டலாம்.

சாக்பீஸ்:
திட்டவில்லை அம்மா. 22 வருடமாக ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருக்கிறேன், அதனால் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியதில் பாதி எங்கள் வகுப்பிலும் நடக்கிறது. 2022-ல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை பிள்ளைகளை வயதைப் பார்த்து அல்ல, கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறோம். கொட்டை உண்டு, மணிச்சட்டம் உண்டு, பாட்டும் ஆட்டமும் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் பிரம்பும் வாய்ப்பாடும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் வந்து பார்க்கட்டும், காது கிழியும்.

கேள்வி வேறு. "ஒன்றரை" என்று சொன்ன குழந்தைக்கு 42-ல் 17-ஐக் கழித்து எழுதத் தெரியுமா? ஏழு வயதில் அது வர வேண்டும். டம்ளரில் வருவது தாளில் வராமல் போவதை நான் வருடாவருடம் பார்க்கிறேன். தாளில் வருவது டம்ளரில் வராமல் போவதும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு ஷிப்ட்:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இது யாரால் முடியும்? நானும் என் மனைவியும் ஆளுக்கொரு ஷிப்ட், ஒருவர் உள்ளே வரும்போது ஒருவர் செருப்பு மாட்டுகிறோம். என் பையன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலையில் உப்புமாவோ பொங்கலோ அங்கேயே சாப்பிடுகிறான், மதியம் சத்துணவு. 1956-ல் காமராசர் மதிய உணவு தொடங்கியது, 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு, எல்லாமே எப்படியாவது பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கத்தானே? எழுபது வருடம் எத்தனையோ பேர் மெனக்கெட்டுப் பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தார்கள், வசதி வந்ததும் நாம் வெளியே கூட்டிக்கொண்டு போகிறோம்.

இன்னொன்று. வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருவார் என்று நாம் முடிவு செய்ய முடியாது. உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். என் பையன் தட்டை வைத்துக்கொண்டு வரிசையில் யாரோடெல்லாம் உட்காருகிறானோ, அவர்கள் வீட்டு வாசலில் என் தாத்தா நின்றிருக்க மாட்டார், அவர்களும் எங்கள் வாசலில் நின்றிருக்க மாட்டார்கள். இதை நாமக்கோழி சொல்லித்தராது அக்கா.

நொய்யல்கரை:
இந்தக் கடைசி வரி வலிக்கிறது, வலிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று. நாங்கள் விட்டு வந்தது உங்கள் பையன் படிக்கிற மாதிரிப் பள்ளி இல்லை தம்பி. கட்டணம் கட்டுகிற தனியார் பள்ளி. அங்கே ஒரே மாதிரி வேன், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி பிறந்தநாள் கேக். பந்தி கிந்தி எதுவும் கிடையாது. யுகேஜியில் தினம் மூன்று பக்கம் எழுத்து, கோடு தாண்டினால் மறுபடியும். ஏழரை மணியானால் பெரியவளுக்கு வயிற்று வலி வந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. இரண்டு டாக்டரிடம் காட்டிய பிறகுதான் எங்களுக்கே அது உறைத்தது.

டீச்சர், 42-ல் 17 இன்று மாலை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எட்டு மணி பஸ்:
எல்லோரும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். நொய்யல்கரை, நீங்கள் முன்னே எங்கே வேலை பார்த்தீர்கள்? அதை விட்டது நீங்களா, அவரா? ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பிரிக்கிறவருக்கு "அப்பா சூப்பர்", திங்கள் முதல் வெள்ளி வரை உப்புத்தாள் வெட்டுகிறவருக்கு என்ன? வீட்டுக்கல்வி என்று எழுதுகிற பத்துப் பேரில் எத்தனை அப்பாக்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் காலை எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவள், எனக்கும் குற்ற உணர்ச்சி இருக்கிறது, ஆனால் இந்த மாதிரிப் பதிவுகளைப் படித்துவிட்டு வருகிற குற்ற உணர்ச்சி எனக்கு வேண்டாம்.

நொய்யல்கரை:
ஒரு மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தேன். விட்டது நான்தான். அவர் சம்பளம் அதிகம் என்பதால் அதைப் பற்றி உட்கார்ந்து பேசக்கூட இல்லை, தானாக முடிவானது. எழுதும்போது இதை விட்டுவிட்டேன் என்று நீங்கள் கேட்ட பிறகுதான் தெரிகிறது.

பழைய மாணவன்:
நான் ஏழாம் வகுப்பிலிருந்து வீட்டில் படித்தவன், அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் சொல்லலாம். பத்தாவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதினேன். அதற்கு 14 வயது முடிந்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் சான்றிதழ் வேண்டுமென்றால் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு ஈடாக ஏ, பி, சி என்று அடிப்படை நிலைகள் வைத்திருக்கிறார்கள். தாள் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

எனக்கு இடித்தது வேறு இடத்தில். கல்லூரி முதல் நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் "சொல்லுங்க சார்" என்றேன். வகுப்பே சிரித்தது. மணியடித்தால் எழுந்திருக்கலாமா, தண்ணீர் குடிக்கப் போகக் கேட்க வேண்டுமா, பேனா கடன் கேட்டால் திரும்பத் தருவார்களா, இதெல்லாம் மற்றவர்களுக்கு உடம்பிலேயே இருந்தது. ஒரு வருடத்தில் பழகிவிட்டது, பெரிய சோகக் கதை ஒன்றும் இல்லை. ஆனால் "சமூகத்தோடு பழக வாரம் ஒருநாள் பார்க்குக்குப் போகிறோம்" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த "சொல்லுங்க சார்" ஞாபகம் வரும்.

இரண்டு ஷிப்ட்:
அதோடு சட்டமும் இருக்கிறதே. 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரை. பிரிவு 10 பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது.

பழைய மாணவன்:
கடமை என்கிறது, சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் எழுதவில்லை. அதே சட்டத்தின் பிரிவு 4, இதுவரை பள்ளிக்கே போகாத பிள்ளை வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. அதாவது கதவு எப்போது வேண்டுமானாலும் திறக்கும்.

சாக்பீஸ்:
சட்டத்தை விடுங்கள். நொய்யல்கரை அம்மா, உங்கள் மகள் கதைப் புத்தகம் படிக்கிறாளா?

நொய்யல்கரை:
கடகடவென்று படிக்கிறாள் டீச்சர். 42-ல் 17, கொஞ்சம் தடுமாறி 35 என்றாள். ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறாள். அது தெரிந்துவிட்டது, சரி பண்ணுகிறேன்.

சாக்பீஸ்:
அது எல்லாப் பிள்ளைகளும் செய்வது, கடன் வாங்கப் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சி போதும். எனக்குச் சந்தேகம் "கடகடவென்று" என்பதில். படம் இல்லாத வெறும் தாளில் இதை எழுதி ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்: கொடி, கோடி, தொடு, தோடு, எடு, ஏடு, பெறு, பேறு. வரிசையைக் குலைத்துக் காட்டுங்கள். அப்புறம் பொருளே இல்லாத இரண்டு சொல்: கெமிடு, சோபுனி. உதவக்கூடாது, முகத்திலும் காட்டக்கூடாது. அம்மாக்களால் முடியாதது அதுதான்.

எட்டு மணி பஸ்:
டீச்சர் பரீட்சையே வைத்துவிட்டார்.

நொய்யல்கரை:
நேற்றுக் காலை செய்து பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் கலங்கிவிட்டேன்.

"தொடு" காட்டினேன், "தோடு" என்றாள். "தோடு" காட்டினேன், அதற்கும் "தோடு". "கோடி"க்கு "கொடி". "பெறு" என்று காட்டியதற்கு என் முகத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. கெமிடுவுக்கு "கேமரா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்புறம் அவள் கடகடவென்று படிக்கிற புத்தகத்தைக் கொடுத்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, நடுப்பக்கத்திலிருந்து ஒரு வரியை மட்டும் கேட்டேன். முதல் பக்கத்திலிருந்து மனசுக்குள் சொல்லிக்கொண்டே வருவது உதட்டில் தெரிந்தது.

ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் அவளுக்கு வித்தியாசமே இல்லை. எட்டு மாதமாகத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கதையை அவளோடு சேர்ந்து நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன் போல.

சாக்பீஸ்:
கலங்காதீர்கள். என் மொட்டு நிலையில் இந்த வருடம் ஆறு பிள்ளைகளுக்கு இதே கதைதான், அதில் இரண்டு பேரை நான் கண்டுபிடிக்கவே டிசம்பர் ஆகிவிட்டது. முப்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளை மற்றவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். உங்கள் வீட்டில் தப்பிக்க யாரும் இல்லை, ஆனால் நீங்களே சேர்ந்து சொல்லிக்கொடுத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

கை தட்டுங்கள். குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்குக் கையை இழுக்க வேண்டும். தொடு, தட்டு. தோடு, இழு. முதலில் காது, அப்புறம்தான் கண். நெடிலைக் காது பிரித்த பிறகு கொம்பின் மேல் இருக்கிற அந்தச் சுழியைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரம், நாளைக்குப் பத்து நிமிடம். கதையை அதுவரை நீங்கள் படித்துக் காட்டுங்கள், அவளைப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

இரண்டு ஷிப்ட்:
பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன். பயிற்சி எடுத்த ஆள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். ஆசிரியர் வேலை என்றால் அப்படித்தான். நீங்கள் ஏதோ இங்கே எழுதப் போய்த் தெரிந்தது, எழுதாத வீடுகளில்?

பழைய மாணவன்:
டிசம்பர் வரை பள்ளியிலும் தெரியவில்லை என்று அதே டீச்சர்தான் மேலே சொல்லியிருக்கிறார், அதைத் தாண்டிப் போய்விட்டீர்களே சகோ.

இரண்டு ஷிப்ட்:
ஆறு பேரில் நாலு பேரை டிசம்பருக்கு முன்பே பிடித்திருக்கிறார். அதையும் நீங்கள் தாண்டிப் போய்விட்டீர்கள். ஆனால் டீச்சர், வந்தது பள்ளிக்கூடத்துக்காகப் பேச, இப்போது வீட்டுப் பாடத்துக்கே வழி சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களே?

சாக்பீஸ்:
பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கேதானே சொல்ல முடியும்? ஜூனில் பள்ளி திறக்கும், இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பல்லாங்குழியைச் சாயங்காலம் ஆடுங்கள் என்பதுதான் என் கட்சி, அதில் மாற்றம் இல்லை.

நொய்யல்கரை:
சின்னவனை யோசிக்கிறோம் டீச்சர். அவனுக்கு ஆள் வேண்டும், குளத்தில் பார்க்கிற பிள்ளைகளின் பின்னாலேயே போய்விடுகிறான். பெரியவள் பள்ளிப் பேச்சை எடுத்தாலே வயிற்றைப் பிடிக்கிறாள், அவளை இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்க்கிறேன். எட்டு மணி பஸ், இதை இந்த முறை இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். வியாழக்கிழமைகளில் அவர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், பழைய மில்லில் வாரம் ஒருநாள் கணக்குப் பார்க்க ஆள் கேட்டிருந்தார்கள்.

எட்டு மணி பஸ்:
வியாழன் வரட்டும், பார்ப்போம்.

நொய்யல்கரை:
ஒரு சந்தேகம் டீச்சர். உப்புத்தாளில் ஒற்றைக்கொம்பு வெட்ட வருகிறது. இரட்டைக்கொம்பு வெட்டினால் மேலே இருக்கிற அந்தச் சின்னச் சுழி கிழிந்துவிடுகிறது, மூன்று தாள் வீணாகிவிட்டது.

சாக்பீஸ்:
வெட்டாதீர்கள். அட்டையில் பென்சிலால் எழுதி, அதன் மேல் ஃபெவிகாலை விட்டு, சலித்த ஆற்று மணலையோ கல் கோலப்பொடியையோ தூவி ஒரு ராத்திரி காயவிட்டுத் தட்டுங்கள். சுழியை மட்டும் கொஞ்சம் தடியாக விடுங்கள், விரலுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.