பனை ஓலைக் காத்தாடி: நடுத்துளை கிழிகிறது, உதவுங்கள்

வணக்கம். இடம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர், கடற்கரை ஓரம். விடுமுறையில் செல்போனையே கேட்கும் 6, 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பனை ஓலைக் காத்தாடி செய்து கொடுக்கிறோம். கையில் பிடித்து ஓடும்போது போன் ஞாபகமே வருவதில்லை. ஆனால் கச்சான் காற்றில் (மேற்கிலிருந்து வீசும் காற்று) 5 நிமிடம் சுற்றுவதற்குள் நடுத்துளை அகன்று, ஓலை நீளவாக்கில் பிளந்துவிடுகிறது. 10 நாளாக இதே நிலை.

அளவு: 15 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஈர்க்கு நீக்கிய 2 துண்டுகள். ஒன்றின் நடுவில் கீறி, மற்றதை நுழைத்துக் கூட்டல் குறி போல வைக்கிறோம். நான்கு நுனியையும் ஒரே பக்கமாக லேசாக முறுக்க வேண்டும்; ஒன்று மாறினாலும் சரியாகச் சுற்றாது. நடுவில் கருவேல முள் (முனையைக் கட்டாயம் மழுக்கிவிடுகிறோம்), பிடிக்கப் பனை மட்டைக் குச்சி.

முற்றிய ஓலை முறுக்கும்போதே வெடிக்கிறது. குருத்தோலை வளைகிறது, ஆனால் காற்றுக்கு மடங்கிப்போகிறது. இரவு முழுக்க ஊறவைத்த ஓலையில் செய்தால் அருமையாக வருகிறது. வெயிலில் காய்ந்ததும் சுருங்கி, துளை தளர்ந்துவிடுகிறது. பழைய செருப்பு ரப்பரை வில்லையாக வெட்டி இருபுறமும் வைத்தோம். கிழிசல் குறைந்தது. ஆனால் ரப்பர் ஓலையோடு உரசிச் சுழற்சியே நின்றுபோகிறது. துளையை ஊசியைச் சுட்டுப் போட்டும் பார்த்தாயிற்று, பலனில்லை.

பிள்ளைகளே தங்கள் கையால் செய்யும்படி, பசையும் பிளாஸ்டிக்கும் இல்லாமல், அந்த நடுத்துளையை எப்படி உறுதிப்படுத்துவது?