‘லீனியேஜ்’: கொடிவழியா, மூலத்தடமா?

தொடக்க மடல்

குழுவினருக்கு வணக்கம்.

கணினி ஆய்வாளர்களான இயோன் ஸ்டோய்கா, மத்தேய் ஸஹாரியா இருவரைப் பற்றியும் தமிழில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு தயாராகிறது. ஸ்டோய்கா 2001இல் கோர்ட் நெறிமுறையை வெளியிட்ட குழுவில் முதல் பெயருக்குரியவர். ஒரு சாவி எந்தக் கணினியிடம் இருக்கிறது என்பதை, வலையில் எத்தனை கணினிகள் இருந்தாலும் அந்த எண்ணிக்கையின் மடக்கை அளவு தாவல்களில் கண்டுபிடிக்கும் முறை அது. பிறகு 2006இல் கன்விவா, 2013இல் டேட்டாபிரிக்ஸ், 2019இல் எனிஸ்கேல் ஆகிய நிறுவனங்களின் இணை நிறுவனர். பின்னவை இரண்டும் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வகங்களில் பிறந்த ஸ்பார்க், ரே என்னும் திறமூலத் திட்டங்களின் மேல் நிற்பவை. ஒரு வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்துக் கணிக்கும் மென்பொருள்கள் அவை. ஸஹாரியா ஸ்பார்க்கைத் தொடங்கியவர். டேட்டாபிரிக்ஸின் இணை நிறுவனர்களில் ஒருவர்.

பரவல் முறைமை, கொத்து, முனை, திறமூலம் எல்லாம் தடையில்லாமல் எழுதிவிடலாம். ‘லீனியேஜ்’ என்ற ஒன்றுதான் நிற்கிறது. 2012 என்எஸ்டிஐ மாநாட்டின் ஸ்பார்க் கட்டுரைக்கு அச்சாணியே அந்தச் சொல். ரேயிலும் வருகிறது. டேட்டாபிரிக்ஸின் தரவு மேலாண்மைக் கருவியான யூனிட்டி கேட்டலாக்கிலும் வருகிறது. மரபு, மரபுவழி, வம்சாவளி, பரம்பரை, வழித்தடம் என்று ஐந்து பரிந்துரைகள் கைவசம். எதை எடுக்கலாம்?

மறுமொழி — சென்னை

வணக்கம்.

சொல்லைத் தேடும்முன் அது செய்யும் வேலையை வைத்துவிடுகிறேன்.

நூறு கணினிகளின் நினைவகத்தில் தரவு பிரிந்து கிடக்கிறது. ஒன்று செத்தால் அதிலிருந்த கூறுகள் போய்விடும். ஒவ்வொரு கூறையும் வேறு கணினிகளில் நகலெடுத்து வைப்பது வழக்கமான காப்பு. ஸ்பார்க்குக்கு முந்தைய பெருந்தரவு மென்பொருளான ஹடூப்பின் கோப்பு முறைமை இயல்பாக மூன்று படிகள் வைக்கிறது. ஒவ்வொரு இடைநிலை விடைக்கும் அப்படிச் செய்தால் வலையமைப்பிலேயே நேரம் முழுக்கக் கரைந்துவிடும். ஸ்பார்க் தரவை நகலெடுப்பதில்லை. ‘இந்தத் தொகுப்பு அந்தத் தொகுப்பை வடிகட்டியதால் வந்தது, அது இந்தக் கோப்பிலிருந்து வந்தது’ என்று பிறந்த முறையை மட்டும் குறித்துக்கொள்கிறது. கூறு தொலைந்தால் குறிப்பைப் பார்த்து அந்தக் கூறை மட்டும் மறுபடி கணிக்கிறது. அந்தக் குறிப்புதான் லீனியேஜ்.

ஆகவே சொல்லில் இரண்டு இருக்க வேண்டும்: பெற்றோர் யார் என்பது, அவர்களிடமிருந்து மறுபடி பிறப்பிக்க முடியும் என்பது. ‘வழித்தடம்’ பேருந்துக்குச் சரி, இரண்டையும் தராது. ‘மரபு’ எடுத்தால் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தின் ‘மரபுரிமம்’ குறுக்கே வரும். அங்கே அது நிரலாக்கத்தின் இனக்குழுக்களில் (கிளாஸ்) ஒன்றின் பண்பு மற்றொன்றுக்கு வழிவருவதைக் குறிக்கிறது. ஸ்பார்க் நிரலில் இரண்டும் அருகருகே நடமாடும், மாணவர் குழம்புவார்.

மறுமொழி — யாழ்ப்பாணம்

அன்பின் குழுவினருக்கு,

‘கொடிவழி’ என்பதை முன்வைக்கிறேன். குடும்பத் தலைமுறைகளை வரைந்து காட்டும் படத்துக்குக் கொடிவழி என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் உண்டு. வம்சாவளி மனிதருக்கே உரியதாக ஒலிக்கிறது. பரம்பரை தலைமுறைகளின் தொடர்ச்சியை மட்டும் சொல்கிறது. கொடிவழி என்றதும் வரைபடம் கண்முன் வரும், இங்கே வேண்டியதும் வரைபடமே.

எதிர்வாதம் ஒன்றை நானே எடுத்துச் சொல்லிவிடுகிறேன். கொடிவழிப் படங்களில் தகப்பன் வழியை மட்டும் கீறுவது பலரின் வழக்கம். ஸ்பார்க்கில் இரண்டு தொகுப்புகளை இணைத்தால் பிள்ளைக்கு இரண்டு பெற்றோர். இன்னும் கூடவும் இருக்கலாம். ஆனால் அது வரைபவரின் குறை, சொல்லின் குறையன்று.

சென்னை நண்பரிடம் ஒரு கேள்வி. பெற்றோரைச் சார்ந்திருக்கும் விதம் இருவகை என்று அக்கட்டுரை பிரிக்கிறது. அவற்றையும் இதே சொற்குடும்பத்தில் அமைக்க முடியுமா?

மறுமொழி — சென்னை

ஐயா, அமைக்கலாம். ‘குறுஞ்சார்பு’, ‘அகல்சார்பு’ என்று எழுதிப் பார்த்தேன். பெற்றோரின் ஒவ்வொரு கூறும் அதிகபட்சம் ஒரே ஒரு பிள்ளைக்கூறுக்குப் பயன்பட்டால் குறுஞ்சார்பு: வடிகட்டல், உருமாற்றல் போன்றவை. ஒரு பெற்றோர்க் கூறு பல பிள்ளைக்கூறுகளுக்குப் பிரிந்து போனால் அகல்சார்பு: சாவிவாரியாகக் குழுவாக்குவது, வரிசைப்படுத்துவது.

நடைமுறையில் வலிப்பது இரண்டாவதுதான். குறுஞ்சார்பில் தொலைந்த கூறுக்கு அதன் நேர்ப் பெற்றோரை மட்டும் மறுகணித்தால் போதும். அகல்சார்பில் ஒரு பிள்ளைக்கூறுக்குப் பெற்றோரின் எல்லாக் கூறுகளிலிருந்தும் துண்டுகள் வர வேண்டும். அதனால் ஸ்பார்க் அந்த இடைத்துண்டுகளை உள்ளூர் வட்டில் எழுதி வைக்கிறது. வட்டோடு கணினியே போய்விட்டால் துண்டு எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்புவார். முந்தைய கட்டத்தில் தொலைந்த பகுதி மறுபடி ஓடும். ஒரு கட்டம் தொடர்ந்து 4 முறை இப்படித் தோற்றால் பணியே நிறுத்தப்படும், இயல்பு அமைப்பில்.

கொடிவழி நீளும்போது இன்னொரு கேடு. பக்கத்தரம் (பேஜ்ரேங்க்) கணிப்பது போன்ற சுற்றுக் கணக்கில் ஒவ்வொரு சுற்றும் ஒரு தலைமுறையைச் சேர்க்கிறது. சில நூறு தலைமுறை தாண்டினால், வரைபடத்தை ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிப் படிக்கும் இடத்தில் அடுக்கு (ஸ்டாக்) நிரம்பி, வேலையை நடத்தும் இயக்கி நிரல் விழுந்துவிடும். தரவு சிறிதாக இருந்தாலும் விழும், ஏனெனில் நிரம்புவது கொடிவழியால். நினைவகத்தில் இருத்தி வைப்பது இதற்கு மருந்தல்ல. இருத்தினாலும் கொடிவழி அப்படியே இருக்கும். அதை வெட்டுவது செக்பாயின்ட்: அதுவரை கிடைத்த விடையைச் சேமித்துவிட்டு, முந்தைய குறிப்பை விட்டுவிடுவது. ஸ்பார்க்கில் பயனருக்கு ஏற்றதைப் பரிந்துரைக்கும் நிரலான ஏஎல்எஸ் அதனால்தான், செக்பாயின்ட்டுக்கு இடம் அமைத்திருந்தால், இயல்பாக 10 சுற்றுக்கு ஒருமுறை வெட்டுகிறது. பழைய தொகுப்பு வகையில் வெட்டும்முன் நினைவகத்தில் இருத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் முழுக் கணக்கும் இரண்டு தடவை ஓடும்.

‘கொடிவழியை வெட்டு’ என்று எழுதும்போது தமிழ் தானாக அமைகிறது. ‘மரபுவழியை வெட்டு’ என்று எழுதிப் பாருங்கள், வேறு ஏதோ சண்டை போலிருக்கிறது. என் வாக்கு கொடிவழிக்கே.

மறுமொழி — தொடக்க மடல் எழுதியவர்

நன்றி. ஸ்பார்க் பகுதிக்குக் கொடிவழி என்று வைத்துக்கொள்கிறேன். வாழ்க்கைக் குறிப்பின் பின்பாதியில்தான் சிக்கல்.

ஸ்பார்க் பெர்க்லியில் 2009இல் தொடங்கி, 2010இல் பிஎஸ்டி உரிமத்தில் வெளியானது. 2013இல் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போனது. உரிமமும் அப்பாச்சி 2.0 ஆனது. அதே ஆண்டில் டேட்டாபிரிக்ஸ். 2014 பிப்ரவரியில் ஸ்பார்க் அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டம். நிரலும் வணிகக்குறியும் அறக்கட்டளையிடம் இருக்கின்றன. எனவே யாரும் ஸ்பார்க்கை எடுத்து நடத்தலாம். நிறுவனம் விற்பது அதை ஓட்டித் தரும் சேவையையும் அதன் மேல் கட்டியவற்றையும். 2014இல் 206 கணினிகளில் 100 டெராபைட்டை 23 நிமிடத்தில் வரிசைப்படுத்திய சாதனை அந்தச் சேவைக்கு நல்ல சான்றிதழாக அமைந்தது. ஹடூப்பின் முந்தைய சாதனைக்கு 2,100 கணினிகளும் 72 நிமிடமும் தேவைப்பட்டன. ஆய்வாளர் நிறுவனர் ஆவதில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இந்த அடுக்கு வரிசைதான்: முதலில் கட்டுரை, பிறகு எவரும் ஓட்டக்கூடிய நிரல், பிறகு எவருக்கும் தனியுடைமை இல்லாத அறக்கட்டளை, அதன் பக்கத்தில் நிறுவனம்.

அந்தப் பயணத்தில் சொல்லும் கூடவே போயிருக்கிறது. யூனிட்டி கேட்டலாக்கில் லீனியேஜ் என்றால், இந்த அட்டவணையின் இந்த நெடுவரிசை எந்த அட்டவணைகளிலிருந்து வந்தது, எந்தப் பணி எழுதியது என்ற பதிவு. தணிக்கைக்கும், ஒரு நெடுவரிசையை நீக்கினால் எங்கெல்லாம் உடையும் என்று பார்க்கவும் உதவுவது. அதை வைத்துத் தரவை மறுபடி பிறப்பிக்க முடியாது. இதற்கும் கொடிவழியேவா?

மறுமொழி — யாழ்ப்பாணம்

வேண்டாம் என்பது என் கருத்து. கொடிவழி என்று கண்டவர், தொலைந்த அட்டவணையை அது மீட்டுத் தரும் என்று நம்பிக் காப்புப்படி எடுக்காமல் விட்டால் இழப்பு அவருக்கு. ‘தரவு வரலாறு’ என்றும் வைக்க முடியாது. டெல்டா லேக் என்னும் தரவுச் சேமிப்பு முறையில் ஓர் அட்டவணையின் பதிப்புகளைக் காட்டும் கட்டளைக்கு அது தேவைப்படும். ‘மூலத்தடம்’ எனலாம். எங்கிருந்து வந்தது என்று தடம் பிடிக்கலாம், திரும்ப உண்டாக்க முடியாது. நூலகம், அருங்காட்சியகத் துறையினர் ஒரு பொருளின் கைமாறிய வரலாற்றைப் பேசும்போதும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மறுமொழி — சென்னை

ஒப்புகிறேன். ரேக்கு மட்டும் ஒரு குறிப்பு. அங்கே உண்மையான கொடிவழி இருக்கிறது: பொருள் (ஒரு பணி தந்த விடைத்தரவு) தொலைந்தால் அதை உண்டாக்கிய பணி மறுபடி ஓடும், இயல்பாக 3 முறை வரை. ஆனால் நிரலர் நேராகக் களஞ்சியத்தில் வைத்த பொருளுக்குப் பெற்றோர்ப் பணி கிடையாது, தொலைந்தால் தொலைந்ததுதான். பொருளுக்கு உரிமையுள்ள செயலாக்கம் (ஓனர் புராசஸ்) செத்தாலும் அப்படியே. இதைப் பதிவில் சேர்த்தால் வாசிப்பவர் ஏமாறமாட்டார். பதிவுக்கான வரைவு:

*கொடிவழி:* ஒரு தரவுத்தொகுப்பு எந்தப் பெற்றோர்த் தொகுப்புகளிலிருந்து எந்தச் செயல்களால் பிறந்தது என்னும் குறிப்பு. இழந்த கூறை இதைக்கொண்டு மறுகணிக்கலாம். செயல் ஒவ்வொரு முறையும் ஒரே விடை தந்தால்தான் மீட்பு சரியாகும். சமவாய்ப்பு எண்ணோ நேரமுத்திரையோ உள்ளே இருந்தால் மறுகணித்த கூறு பழையதோடு பொருந்தாது.

*மூலத்தடம்:* அட்டவணை, நெடுவரிசை எங்கிருந்து வந்தன என்னும் பதிவு. மறுகணிக்க உதவாது.

செக்பாயின்ட்டுக்குத் தனி இழை தொடங்குவோம். ‘சோதனைச்சாவடி’ என்று ஏற்கெனவே இரண்டு வரைவுகளில் வந்துவிட்டது. அங்கே யாரையும் நிறுத்திச் சோதிப்பதில்லை. ‘காப்புநிலை’ என் முதல் பரிந்துரை.