19 வருட டேலி (கணக்கு மென்பொருள்) அனுபவம் போதவில்லை, அடுத்து எதைப் படிப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கர் நான். வயது 44, பி.காம். ஜிஎஸ்டிஆர்-2பி (நமக்கு விற்றவர்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றிய பில்களின் பட்டியல்) நம் டேலி கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்பீட்டை ஒரே நாளில் முடிக்க வேண்டும், இல்லையென்றால் தீபாவளிக்கு அப்புறம் அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அது போனால் என் நாற்காலியும் போகும்.

14-ஆம் தேதி 2பி வரும், 20-க்குள் 3பி (மாத வரிக் கணக்கு) போட வேண்டும். மாதம் சுமார் 900 பில். எனக்கு மூன்று நாள் பிடிக்கிறது. எக்செலில் விலுக்அப் (VLOOKUP, ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொன்றில் தேடும் ஃபார்முலா) போட்டால் பாதி ஒட்டாது. நூல்காரர் போர்ட்டலில் 0045/24-25 என்று ஏற்றியிருப்பார், நம் பையன் டேலியில் வெறும் 45 என்று அடித்திருப்பான். கடைசியில் பிரிண்ட் எடுத்துப் பென்சிலில் டிக் அடிக்கிறேன்.

படிக்கச் சோம்பல் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ராத்திரி உட்கார்ந்து நானாகக் கற்றதுதான். இந்த முறை மூன்று மாத மாலை வகுப்புக்கு 12,000 கட்டினேன். வவுச்சர் என்ட்ரி சொல்லித் தந்தார்கள் (அதை நானே அவர்களுக்கு எடுத்திருக்கலாம்), சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது. யூடியூபில் பவர் கொயரி (எக்செலுக்குள்ளேயே டேட்டாவைச் சுத்தம் செய்து இணைக்கும் வசதி) பார்த்தேன், அவர்கள் காட்டும் டேட்டா எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஏஐயிடம் கேட்டால் ‘45 இருக்கிறதா’ என்று பார்க்கும் ஃபார்முலா தந்தது. அது 145-ஐயும் சேர்த்து ஒட்டிவிட்டது.

கையில் இருப்பது எக்செல் 2016, டேலி பிரைம், 8 ஜிபி ராம். தினமும் இரவு ஒரு மணி நேரம், ஞாயிறு அரை நாள், மொத்தம் நான்கு மாதம்.

இதற்குள் ஒன்றைத்தான் உருப்படியாகக் கற்க முடியும்: பவர் கொயரியா, பைத்தான் என்ற நிரல் மொழியா?