லோடு தளத்தில் முன்கூட்டியே பதிஞ்ச அனுபவம்

சங்ககிரி, 10 வீல் லாரி ஓனர்:

நம்மகிட்ட ரெண்டு வண்டிங்க. சேலத்து ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு நாசிக், சூரத் பக்கம் போகும். போற லோடுக்குக் கவலையில்லை, இறக்கினப்புறம்தான் பாடு. போன வருஷம் வாப்பியில 3 நாள் வண்டி காலியா நின்னுச்சு. டிரைவர் வண்டி நிழல்ல ஸ்டவ்வைப் பத்தவெச்சுச் சோறாக்கிக்கிட்டே, "அண்ணே, புரோக்கர் நாளைக்குங்கிறாருங்க"ன்னு தினமும் போன் பண்ணுவாரு. புதுசா ஒரு லோடு தளம், அதாவது லாரிக்காரங்களையும் சரக்கு அனுப்புறவங்களையும் சேர்த்து வைக்கிற ஆன்லைன் தளம் வருது, தொடங்குறதுக்கு முன்னாடி பதிஞ்சா 6 மாசத்துக்குக் கமிஷன் இல்லைன்னதும் அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்துட்டேன்.

பத்து நிமிஷ வேலைன்னாங்க. எனக்கு 9 நாள் ஆச்சு. ஒரு வண்டி ஆர்சி எங்கப்பா பேர்ல, நான் குடுத்த பேங்க் கணக்கு என் பேர்ல. பான் கார்டுல இனிஷியல் விரிவா இருக்கு, ஆர்சியில ஒத்தை எழுத்து. ரெண்டு தடவை திருப்பிட்டாங்க. கடைசியில அப்பா கணக்கையே குடுத்தேன். லோடு ஏத்தினப்புறம் இது தெரிஞ்சிருந்தா அட்வான்ஸ் நின்னு, டீசலுக்குக் காசில்லாம வண்டி நடுவழியில நின்னிருக்கும். அதனால அந்த 9 நாள் எனக்கு நஷ்டமில்லைங்க.

10 வண்டி வரைக்கும் வெச்சிருக்கிறவங்க பான் நம்பரோட உறுதிமொழி எழுதிக் குடுத்தா, வாடகையில டிடிஎஸ்ங்கிற வருமான வரிப் பிடித்தம் பண்ண மாட்டாங்க. பதியறப்பவே குடுத்துருங்க.

ரூட் கேட்கிற இடத்துல 'ஆல் இந்தியா'ன்னு போடாதீங்க. நான் திரும்பி வர்ற 4 ரூட் மட்டும் போட்டேன். தொடங்கின ரெண்டாவது வாரமே பிவண்டியிலிருந்து பெருந்துறைக்கு லோடு. வாடகை புரோக்கர் தர்றதைவிடக் கம்மிதான். ஆனா இறக்கின அன்னைக்கே ஏத்தியாச்சு. டிரைவர் பொங்கலுக்கு வீட்டுல இருந்தாரு.

நாமக்கல், டிரெய்லர் ஓனர்:

அண்ணே, உங்களுக்கு நல்லபடியா முடிஞ்சது சந்தோசம். நான் மாட்டினது வேற ஆளுககிட்ட. முன்பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய், தொடங்கினதும் திருப்பித் தர்றோம்னாங்க. கட்டினேன். தளம் வரவேயில்லை, அந்த போன் நம்பரும் செத்துப்போச்சு.

பணம் போனதுகூடப் பரவாயில்லைங்க. ரெண்டு மாசம் கழிச்சு குஜராத்துல ஒரு போலீஸ் ஸ்டேஷன்லருந்து போன். "உங்க வண்டியில ஏத்தின காப்பர் கம்பி எங்கே?" என் ஆர்சி நகலைக் காட்டி, என் நம்பரை வேற வண்டியில ஒட்டி, யாரோ சரக்கை அள்ளிட்டுப் போயிட்டாங்க. வீட்டுல எல்லாரும் சோறு திங்காம உட்கார்ந்திருந்தோம். அன்னைக்கு என் வண்டி கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டினது ஃபாஸ்டேக் கணக்குல மணி நிமிஷத்தோட இருந்துச்சு. அதுதான் என்னைக் காப்பாத்துச்சு.

இப்ப யார் கேட்டாலும், ஆர்சி நகல் மேல இன்ன தளத்துல பதிய மட்டும்னு தேதியோட குறுக்கே எழுதித்தான் போட்டோ எடுத்து அனுப்பறேன். முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. லோடு குடுத்துட்டுக் கமிஷன் பிடிச்சுக்கட்டும்.

சேலம், ஜவ்வரிசி ஆலை:

நாங்களும் தொடங்குறதுக்கு முன்னாடியே சரக்கு அனுப்புறவங்களா பதிஞ்சோம். நாமக்கல்காரர் சொன்னதைப் படிச்சதும் வயித்தைக் கலக்குது, ஏன்னா அந்தப் பக்கம் சரக்கைப் பறிகொடுத்தது எங்களை மாதிரி ஒரு ஆலைதான். தளத்துல 'சரிபார்த்த வண்டி'ன்னு பச்சைக் குறி இருந்தாலும், சரக்குக்கு ஆன்லைன்ல போடுற ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லுல வண்டி நம்பர் ஏத்துறதுக்கு முன்னாடி, வண்டிச் சட்டத்துல பொறிச்சிருக்கிற சேசிஸ் நம்பரை ஆர்சியோட ஒத்துப் பார்க்கிறோம். 5 நிமிஷம் ஆகும். டிரைவர் கோவிச்சுக்கிட்டா டீ வாங்கிக் குடுத்துட்டுப் பார்க்கிறோம்.