கலைச்சொல்: மலைநடைக்கான டிரவுட் தூண்டில் – 'பயணத் தூண்டில்' போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைநடைக் குறிப்புகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தம்பி 'பேக்கபிள் ஃபிளை ராட்' என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். குளிர்ந்த நீரில் வாழும் டிரவுட் மீனைப் போலிப் பூச்சி காட்டிப் பிடிக்க, பையில் அடங்கும்படி எடுத்துப்போகும் தூண்டில்கோல் அது. அதற்கு வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்தேன். பயணத் தூண்டில், மடக்குத் தூண்டில், ஈத்தூண்டில், பூச்சிக்கோல் என்று நான்கு பரிந்துரைகள் இருக்கின்றன. எதிலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அந்த மலைகளில் இந்தத் தூண்டிலோடு நடப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ஃபிளை என்றால் ஈதானே, ஈத்தூண்டில் என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, அந்தக் கொக்கியில் இருப்பது ஈ இல்லை. இறகு, மயிர், நூல் ஆகியவற்றைக் கொக்கியில் சுற்றிக் கட்டிய ஒரு போலி உரு அது. எறும்பு, வண்டு, கொசு, நீரிலிருந்து சிறகு முளைத்து எழும் பூச்சி என எதைப் போலவும் கட்டுவார்கள். அதற்குப் 'பொய்ப்பூச்சி' என்ற சொல்லை முன்மொழிகிறேன். பொய்க்கால் குதிரை என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும்.

ஆனால் கோலின் பெயரில் பூச்சியைக் கொண்டுவர வேண்டாம். 'பூச்சிக்கோல்' காதில் விழுந்ததும் பூச்சிக்கொல்லிதான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய காரணம், இந்தக் கோல் பூச்சியை வீசுவதில்லை என்பது. நம் ஊர்த் தூண்டிலில் நுனியில் கட்டிய ஈயக்குண்டு பறந்துபோய் மெல்லிய நரம்பை இழுத்துச் செல்கிறது. இங்கே அது தலைகீழ். பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம். கனமான, பூச்சு ஏற்றிய தடித்த இழைதான் காற்றில் வளைந்து விரிந்து, பூச்சியைத் தன்னோடு கொண்டுபோய் நீரில் இறக்குகிறது. கோல் வீசுவது அந்த இழையைத்தான்.

இந்த இழைக்கு நம்மிடம் பழைய சொல்லே இருக்கிறது. 'நெடுங்கழைத் தூண்டில் நடுங்க நாண்கொளீஇ' என்று பெரும்பாணாற்றுப்படை சொல்கிறது. எனவே இழைக்கு நாண், வீசும் முறைக்கு நாண்வீச்சு, கோலுக்கு 'நாண்கோல்' என்று வைத்துக்கொள்ளலாம். இதே அடியில் வரும் கழையையும் எடுத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கழை என்றால் மூங்கில். இன்றும் மூங்கிலைப் பிளந்து ஒட்டி நாண்கோல் செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களுடைய கோலுக்கு வைத்துவிடுவோம். தோள்பையில் போகும் கோல்களில் பெரும்பாலானவை கரியிழையால் (கார்பன் ஃபைபர்) ஆனவை. அப்புறம், கடற்கரையில் புழங்கும் நரம்பு, தங்கூசி ஆகிய சொற்களையும் விட்டுவிடக் கூடாது. நாணின் முனையில் மீன் கண்ணுக்குப் படாதபடி கட்டும் மெல்லிய நைலான் இழைக்கு 'முனை நரம்பு' அப்படியே பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பில் '4 எடைக் கோல்' என்று பார்த்தேன். இதைத் திருத்தியே ஆக வேண்டும். அந்த 4 கோலின் எடை அல்ல. நாணின் முன்பகுதி 30 அடி எவ்வளவு கனம் என்பதைக் குறிக்கும் எண் அது. 3 என்றால் 100 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 6.5 கிராம். 4 என்றால் 120 கிரெய்ன், 5 என்றால் 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். 'நாண் எண் 4' என்று எழுதினால் குழப்பம் வராது. சியராவின் உயரமான ஓடைகளில் கோடைகாலம் குறுகியது, இரையும் குறைவு, அதனால் மீனும் சிறியது. ஒரு சாண் மீனுக்கு நாண் எண் 3 தாராளம். ஆனால் மதியத்துக்கு மேல் ஏரிகளில் காற்று கிளம்பும். அப்போது 3 தடுமாறும். ஓடை, ஏரி இரண்டுக்கும் ஒரே கோல் என்றால் நான் 4 என்றுதான் சொல்வேன்.

சரி, இப்போது 'பயணத் தூண்டில்'. இனிமையான சொல்தான், ஆனால் வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய ஒன்றை அது மறைத்துவிடுகிறது. கோல் எப்படிக் குட்டையாகிறது என்பதே அது. 'மடக்கு' அதைத் தவறாகவே சொல்கிறது. மடக்குக் கத்தியிலும் மடக்கு நாற்காலியிலும் கீல் இருக்கும். நாண்கோலில் கீல் இல்லை. அது குட்டையாக இரண்டு வழிகள் உண்டு: துண்டு துண்டாகக் கழற்றுவது ஒன்று, ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே தள்ளுவது மற்றொன்று. எழுதுகோல், ஊன்றுகோல், திறவுகோல் வரிசையிலேயே முதலாவதைக் 'கழற்றுகோல்' என்றும் இரண்டாவதை 'இழுகோல்' என்றும் சொல்லலாம். இரண்டாவதற்கு 'உள்ளடங்குகோல்' என்று கோவை நண்பர் தந்த சொல்லும் சரியானதுதான். வாயில் நுழையச் சற்று நீளம் என்பதால் மட்டுமே இழுகோலை விரும்புகிறேன்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், மலையில் அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. கடையில் வழக்கமாகக் கிடைப்பது 9 அடி நீளம், நான்கு துண்டு, நாண் எண் 5. கழற்றினால் ஒரு துண்டு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். குழாயில் போட்டால் 80-ஐத் தொடும். காரில் வைத்துக்கொண்டு போக அருமையான கோல். பையில் சொருகினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். பைன் கிளைக்கு அடியில் குனியும்போதெல்லாம் மாட்டும். எட்டரை அடிக் கோலை ஆறு துண்டாக்கினால் ஒரு துண்டு 50 சென்டிமீட்டருக்குள் அடங்கும், பைக்குள்ளேயே போய்விடும். சியராவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவின் காட்டுப் பகுதியில் இரவு தங்குபவர்கள் உணவைக் கரடி திறக்க முடியாத பெட்டியில் வைத்தாக வேண்டும். அந்தப் பெட்டி பையின் நடுவை அடைத்துக்கொள்கிறது. அதன் பக்கவாட்டில் மிஞ்சும் இடுக்கில் நுழைகிறதா என்பதுதான் கோலுக்கான உண்மையான தேர்வு. கோலின் எடையில் பத்து இருபது கிராம் குறைக்கப் பணத்தைக் கொட்டுபவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. கூட வரும் அலுமினியக் குழாய் பெரும்பாலும் கோலைவிடக் கனமாக இருக்கும். அதை வீட்டில் வைத்துவிட்டு, கெட்டி அட்டைக் குழாயில் போட்டுக்கொண்டு போனாலே போதும்.

இழுகோல் என்றதும் பலருக்கு டென்காராதான் நினைவுக்கு வரும். ஜப்பானின் மலை ஓடைகளில் பிறந்த முறை அது. நாணைச் சுற்றிவைக்கும் ரீல் கிடையாது, நாணைக் கோலின் நுனியிலேயே கட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் 2009-இல் டென்காரா யுஎஸ்ஏ என்ற நிறுவனம் தொடங்கிய பிறகு மலைநடையர்களிடம் நன்றாகப் பரவியது. இழுத்தால் மூன்றரை, நான்கு மீட்டர்; மூடினால் அரை மீட்டர் அளவு; எடை பெரும்பாலும் 100 கிராமுக்குள். பாறைகளுக்கு நடுவே குதித்து ஓடும் சிறு ஓடைக்கு இதைவிடச் சுகமான கருவி இல்லை. ஏரியில்தான் குறை தெரியும். கோலும் நாணும் சேர்ந்த நீளத்துக்கு அப்பால் எட்டாது. பெரிய மீன் ஓடினால் விட்டுக்கொடுக்க நாணும் இருக்காது. ஆனால் டென்காரா என்பது முறையின் பெயர். ரீல் மாட்டும் இழுகோல்களும் இருக்கின்றன. ஆகவே இழுகோலையும் டென்காராவையும் ஒன்றாக்கிவிட வேண்டாம். குறிப்பில் இரண்டும் தனித்தனியாக நிற்கட்டும்.

மொழிபெயர்ப்பில் 'வேகக் கோல்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. கோலுக்கு வேகம் இல்லை. நுனியில் மட்டும் வளைவதைத்தான் மூலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். நுனிவளைவு, இடைவளைவு, அடிவளைவு என்று மூன்றாகப் பிரித்தால் படிப்பவருக்கே படம் கிடைத்துவிடும். கிட்டத்தில் மெதுவாக வீச வேண்டிய ஓடைக்கு இடைவளைவு நல்லது.

டிரவுட்டை டிரவுட் என்றே விட்டுவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி அவலாஞ்சிக்கு வந்த மீன் அந்தப் பெயரோடேதான் இருக்கிறது. கலிஃபோர்னியா 1947-இல் மாநில மீனாக அறிவித்த தங்கநிற வகையைப் 'பொன் டிரவுட்' என்று எழுதலாம். கெர்ன் ஆற்றின் மேல்பகுதிதான் அதன் தாயகம்.

எந்தக் கோலை எடுத்துப்போவது என்று சொல்லும் வாக்கியம் குறிப்பில் இப்படி இருக்கலாம்: "ஓடை, ஏரி இரண்டிலும் டிரவுட் பிடிக்க எண்ணுபவர்கள் ஆறு துண்டுக் கழற்றுகோலை, நாண் எண் 4-இல் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடை மட்டும் என்றால் டென்காரா இழுகோல் போதும்."

இன்னும் ஒரு சொல்லில் எனக்குத் தெளிவில்லை. துண்டும் துண்டும் சேரும் இடத்துக்கு என்ன சொல்வது? மூங்கில் கோல்களில் அங்கே உலோக வளையம் இருக்கும், உலக்கைப் பூண் போல. அதற்குப் 'பூண்' கச்சிதம். கரியிழைக் கோலில் உலோகம் இல்லை, மேல் துண்டின் வாய் கீழ்த் துண்டின் தலைமேல் வெறுமனே ஏறி இறுகுகிறது. ஆறு துண்டுக் கோலில் இப்படி ஐந்து இடங்கள் உண்டு. வீச வீச அவை தளரும், அவ்வப்போது கைவைத்துப் பார்த்து இறுக்க வேண்டும். மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துவிட்டுப் பூட்டினால் பிடிப்பு நிற்கும். இவ்வளவு கவனம் கேட்கும் இடத்துக்குக் குறிப்பில் ஒரு பெயர் கட்டாயம் தேவை. 'கணு' என்று சொல்லலாமா, உலோகம் இல்லாவிட்டாலும் பூணையே நீட்டிக்கொள்ளலாமா? தச்சு வேலை, குழாய் வேலை தெரிந்தவர்கள் இப்படி ஒன்றின்மேல் ஒன்று ஏறும் பொருத்துக்குப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.