புதுப்பிப்பு: பகலில் கடிக்கும் கொசு – இடம் கண்டுபிடித்தாச்சு

வேளச்சேரியில் இரண்டாம் மாடி, பக்கத்தில் சாக்கடையே இல்லை, ஆனாலும் பகலில் கொசு கடிக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"காலில் வெள்ளை வரி இருந்தால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, பெரும்பாலும் நல்ல தண்ணீரில்தான் வளரும், ஃபிரிட்ஜ் பின்னால் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. பின்பக்கத் தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர். டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஓரத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும்.

அப்புறமும் கொஞ்சம் கொசு இருந்தது. மொட்டைமாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் திறந்தே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. தொட்டியைக் கழுவி, குழாய் வாயில் நைலான் வலை கட்டினோம். இரண்டு வாரமாகக் குழந்தை மதியம் நன்றாகத் தூங்குகிறது.