பூக்களின் பள்ளத்தாக்கு: எந்த மாதம் போகலாம்?

தண்டையார்பேட்டைக்காரர்: வயது 52. தினமும் காசிமேடு வரை நடப்பேன், அவ்வளவுதான். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்கு எப்போது போகலாம்? முழங்கால் தாங்குமா?

பெரம்பூர்வாசி: ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும் அண்ணா. ஜூலை நடுவிலிருந்து ஒரு மாதம் பூக்கள் உச்சம், மழையும்தான். பள்ளத்தாக்குக்கு முந்தைய கடைசி ஊரான காங்கரியாவில் தங்கி விடியலில் கிளம்புங்கள். உள்ளே கூடாரம் போட முடியாது, அன்றே திரும்ப வேண்டும். பெரம்பூர் மேம்பாலம் தவிர ஏற்றமே அறியாத கால்கள் என்னுடையவை! ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான் முழங்கால் முனகியது. கைத்தடி அவசியம். பாறையோரம் ஒரு நீலப் பாப்பி: கசங்கிய பட்டுபோல் இதழ், நடுவில் மஞ்சள் தூள், விளிம்பில் மழைத்துளி. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராயபுரத்துக்காரி: குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுங்கள்.

தண்டையார்பேட்டைக்காரர்: என் முழங்கால் இப்போதே முனகுகிறது தம்பி. நாளை முதல் மாடிப்படி.